எல்லையை உயர்த்துவது திருத்தம் ஆகாது

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் சூரிய மின் நிலையத்தின் பணிகள் 2025 ஏப்ரல் 5 ஆம் திகதி கொழும்பிலிருந்து காணொளி வழியாகத் தொடக்கி வைக்கப்பட்டன. இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் தொடக்கிவைத்த இந்த நிலையம் இரண்டு கட்டங்களாக 120 மெகாவாட் தரவேண்டும். இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்.டி.பி.சி. நிறுவனமும் கூட்டாக நடத்தும் திருகோணமலை பவர் கம்பனியின் திட்டம் இது. அதே கம்பனி முதலில் இங்கே கட்டவிருந்தது 500 மெகாவாட் நிலக்கரி நிலையம். 2006 இல் போரால் ஊரைவிட்டு ஓடி, ஆண்டுக்கணக்காக முகாம்களில் கிடந்து, 2015 இற்குப் பிறகு படிப்படியாகத் திரும்பிவந்த மக்கள், வயலுக்கும் கடலுக்கும் நடுவே நிலக்கரிச் சாம்பல் குவியப்போவதை எதிர்த்தார்கள். 2016 செப்டெம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிடுவதாக அரசாங்கம் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. நிலக்கரி போய் வெயில் வந்தது நல்ல மாற்றம்தான். ஆனால் வெயில் மாலை ஆறு மணியோடு போய்விடும்; நாட்டின் மின்தேவை உச்சத்துக்கு ஏறுவதோ அதற்குப் பிறகு. இந்த இடைவெளியை நிரப்ப நாடு இப்போது பற்றரியை நம்பத் தொடங்கியிருக்கிறது.

அந்த நம்பிக்கை வெறும் பேச்சு இல்லை. உப மின்நிலையங்கள் 16 இல், ஒவ்வொன்றிலும் 10 மெகாவாட் வீதம் 160 மெகாவாட் பற்றரித் தொகுதிகளை நிறுவ மின்சார சபை 2025 இல் கேள்விப்பத்திரம் கோரியது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய அரசின் நன்கொடையில் அமையும் கலப்பு மின் திட்டத்தில் 1,700 கிலோவாட் சூரிய மின்சாரத்தோடும் 530 கிலோவாட் காற்று மின்சாரத்தோடும் 2,400 கிலோவாட் மணி பற்றரியும் சேர்ந்திருக்கிறது. வீடுகளிலும் கடைகளிலும் பழைய ஈயப் பற்றரிகள் இருந்த இடத்துக்கு லிதியம் பற்றரிகள் வருகின்றன. இவ்வளவு பற்றரி வரும் நாட்டில் ஒரு கேள்வியை இப்போதே கேட்டாக வேண்டும். பற்றரியைக் காக்கும் சுற்று அடிக்கடி துண்டித்துக்கொண்டால் நாம் என்ன செய்யப்போகிறோம்? ஏன் துண்டிக்கிறது என்று தேடப்போகிறோமா, துண்டிக்கும் எல்லையைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டுப் போகப்போகிறோமா? இரண்டாவது வழி சுலபமானது, பாவனையாளரை உடனே திருப்திப்படுத்துவது. அதனாலேயே அது பழக்கமாகிவிடும். அந்தப் பழக்கம் வேரூன்ற முன்பே அதைத் தடுக்கும் விதிகள் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விடயத்தை விளங்கிக்கொள்ளச் சில எண்கள் போதும். சூரிய மின் தொகுதிகளோடு இப்போது பெரும்பாலும் வருவது லிதியம் இரும்பு பொஸ்பேட் வகைப் பற்றரி. அதன் உள்ளே வரிசையாகத் தொடுக்கப்பட்ட செல்கள் இருக்கும். ஒவ்வொரு செல்லும் சாதாரண நிலையில் 3.2 வோல்ட், முழுதாக நிரம்பும்போது அதிகபட்சம் 3.65 வோல்ட். 48 வோல்ட் என்று கடையில் சொல்லி விற்கும் பற்றரியில் வழக்கமாக 16 செல்கள். ஆகவே அதன் உண்மையான பெயரளவு 51.2 வோல்ட், உச்சம் 58.4 வோல்ட். பி.எம்.எஸ். என்று கடைக்காரரும் தொழில்நுட்பவியலாளரும் சொல்லும் கண்காணிப்புப் பலகை இந்த 16 செல்களையும் தனித்தனியே அளந்துகொண்டே இருக்கும். ஏதாவது ஒரு செல் 3.65 இற்கும் 3.75 இற்கும் இடையே குறிக்கப்பட்ட எல்லையைத் தாண்டி ஓரிரு வினாடி நின்றால் சார்ஜ் ஏறுவதை அது நிறுத்திவிடும். செல் இறங்கி, அதைவிடக் குறைந்த இன்னோர் அளவுக்கு வந்த பிறகுதான் மறுபடி திறக்கும். ஆக, எல்லை என்று நாம் சொல்வது ஓர் எண் மட்டுமில்லை. மூடும் அளவு, திறக்கும் அளவு, காத்திருக்கும் நேரம் மூன்றும் சேர்ந்ததே எல்லை. மூடும் அளவும் திறக்கும் அளவும் நெருங்கிப் போனால் சுற்று மூடுவதும் திறப்பதுமாகத் தவிக்கும். காத்திருக்கும் நேரம் கூடிப்போனால் ஆபத்து வந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும்.

இப்போது ஒரு வழக்கமான முறைப்பாட்டை எடுத்துக்கொள்வோம்: நல்ல வெயில் நேரத்தில், பற்றரி நிரம்பப்போகும் தறுவாயில், பி.எம்.எஸ். துண்டித்துவிடுகிறது. இதற்கு முதற்காரணம் பெரும்பாலும் பற்றரிக்கு வெளியேதான் இருக்கும். ஈயப் பற்றரிக்கென்று அமைக்கப்பட்ட இன்வேட்டரை அப்படியே விட்டுவிட்டுப் பற்றரியை மட்டும் மாற்றியிருப்பார்கள். நான்கு 12 வோல்ட் ஈயப் பற்றரிகளின் வழக்கமான சார்ஜ் அளவு 57.6 வோல்ட். அதை 16 ஆல் வகுத்தால் செல்லுக்கு 3.6 வோல்ட், லிதியத்துக்கு அது எல்லைக்குச் சற்று உள்ளே. ஆகவே எல்லாம் சரியாகத்தான் ஓடுகிறது என்று தோன்றும். ஆனால் ஈயப் பற்றரியின் செல்களைச் சமப்படுத்த மாதத்துக்கு ஒருமுறை போலக் கூடுதல் மின்னழுத்தம் கொடுக்கும் வசதி பல இன்வேட்டர்களில் உண்டு. அது 62 வோல்ட் வரை போகலாம், செல்லுக்கு 3.875 வோல்ட். பி.எம்.எஸ். துண்டிக்காமல் என்ன செய்யும்? எப்போதாவது ஒரு நாள், காரணமே இல்லாமல் அணைந்துபோகிறது என்று வீட்டுக்காரர் சொல்வார். அந்த நாளில் பலகை செய்தது அது செய்யவேண்டிய வேலையைத்தான். இதற்குப் பலகையின் எல்லையை 3.9 இற்கு உயர்த்தினால் முறைப்பாடு நின்றுவிடும், பற்றரி மாதாமாதம் கெடும். இன்வேட்டரில் பற்றரி வகையை லிதியம் என்று மாற்றி, சமப்படுத்தும் வசதியை அணைத்துவிட்டால் முறைப்பாடும் நிற்கும், பற்றரியும் பிழைக்கும்.

இரண்டாவது காரணம் செல்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு. மொத்தப் பற்றரியின் அளவு 56 வோல்ட் என்று இன்வேட்டர் காட்டும். சராசரி செல்லுக்கு 3.5, எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த 56 வோல்ட்டுக்குள் ஒரு செல் 3.68 இல் நின்று, மற்றப் பதினைந்தும் 3.49 இற்குக் கிட்ட இருந்தாலும் கூட்டுத்தொகை அதேதான். மொத்தத்தைப் பார்ப்பவருக்குப் பலகை வீணாகத் துண்டிப்பதுபோல் தெரியும். தனித்தனியே பார்க்கும் பலகைக்கோ ஒரு செல் எல்லை தாண்டியது தெரியும். இந்த வகைப் பற்றரியின் மின்னழுத்தம் நிரம்பும் பாதையின் பெரும்பகுதியில் கிட்டத்தட்டச் சமமாகவே கிடக்கும். கடைசியில்தான் திடீரென்று செங்குத்தாக ஏறும். அதனால் ஏற்றத்தாழ்வு கடைசி நேரத்தில்தான் வெளியே தெரியும், சமப்படுத்தும் வேலையும் அப்போதுதான் நடக்கும். பலகை சமப்படுத்தப் பயன்படுத்தும் மின்னோட்டமோ பெரும்பாலும் ஓர் அம்பியரின் சிறு பங்கு. பல அம்பியர் வேகத்தில் சார்ஜ் பாய்ந்துகொண்டிருக்கும்போது அந்தச் சிறு ஓட்டம் எதையும் ஈடுசெய்யாது. சார்ஜ் அளவைக் கொஞ்சம் குறைத்து, அந்த உயரத்தில் பற்றரியை மெதுவாக நிற்கவிட்டால் செல்கள் சில நாட்களில் ஒன்றையொன்று பிடித்துவிடும். அதாவது இங்கே தேவைப்படும் திருத்தம் எல்லையை உயர்த்துவதற்கு நேர் எதிரானது.

மூன்றாவது காரணம் அளவீட்டுப் பிழை. சம்பூர் போன்ற கொட்டியாரக்குடாக் கரையோர ஊர்களுக்கு இது முக்கியம். உப்புக் காற்று படும் இடத்தில் செல்களை இணைக்கும் தகடும் நட்டும் கறைபிடித்தாலோ நட்டு சரியாக இறுகாவிட்டாலோ அந்த இடத்தில் மின்தடை கூடும். ஓர் ஓமின் ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று நினைக்கலாம். 100 அம்பியர் அதன் வழியே ஓடும்போது 0.1 வோல்ட் அங்கேயே விழும். பலகையின் அளவுக்கம்பி அந்த இணைப்புக்கு அப்பால் மாட்டப்பட்டிருந்தால் 3.58 வோல்ட்டில் இருக்கும் செல் 3.68 என்று பதிவாகும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். மல்ரிமீற்றரின் முனைகளைத் தகட்டின்மேல் வைக்காமல் செல்லின் முனைகளின் மேலேயே வைத்து அளந்து, பலகை காட்டும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். சார்ஜை நிறுத்திய கணமே அந்தச் செல்லின் எண் மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாகத் தடாலென்று விழுந்தால் கோளாறு இணைப்பில். மெல்ல மெல்ல இறங்கினால் செல் உண்மையிலேயே நிரம்பி வழிகிறது. மலிவான பலகைகளில் ஒப்பீட்டு மின்னழுத்தம் தரும் உறுப்பும் மின்தடைகளும் ஒவ்வொன்றும் நூற்றுக்கு ஒன்று பிசகினாலே 3.65 என்று எழுதப்பட்ட எல்லை 3.59 இலோ 3.71 இலோ போய் நிற்கலாம். எழுதியிருக்கும் எல்லை வேறு, உண்மையில் துண்டிக்கும் எல்லை வேறு. அளக்காமல் எண்ணை மாற்றுபவர் எதை மாற்றுகிறார் என்பது அவருக்கே தெரியாது.

இதற்கு முதலில் வரும் மறுப்பு பணம் சம்பந்தப்பட்டது. உற்பத்தியாளர்கள் தங்கள் பொறுப்பைத் தட்டிக்கழிக்க எல்லையை வேண்டுமென்றே தாழ்த்தி வைக்கிறார்கள், அதனால் காசு கொடுத்து வாங்கிய கொள்ளளவின் ஒரு பகுதி வீணாகிறது என்பார்கள். வேறு சில பற்றரி வகைகளில் இதற்குக் கொஞ்சம் இடம் உண்டு. ஆனால் இந்த வகையில் 3.45 வோல்ட்டுக்கு மேலே அடங்குவது மொத்தக் கொள்ளளவில் நூற்றுக்கு ஓரிரு பங்குதான், 3.65 இற்கு மேலே சேமிக்க அநேகமாக எதுவுமே இல்லை. செங்குத்தாக ஏறும் அந்தக் கடைசிப் பகுதி நிரம்பிய பாத்திரத்தின் விளிம்பு. எல்லையை உயர்த்துபவருக்குக் கிடைப்பது இரவில் சில நிமிட வெளிச்சம்கூட இல்லை. அவர் கொடுப்பதோ பற்றரியின் ஆயுள். குளத்து வானில் மணல்மூட்டை அடுக்கினால் சில நாள் தண்ணீர் கூடத் தெரியும், ஆனால் குளக்கட்டு அதனால் பலமாவதில்லை என்பது கந்தளாய்க் குளத்து நீரில் பயிர் செய்யும் திருகோணமலை மாவட்டத்துக்குப் புதிதாகச் சொல்லவேண்டிய பாடமில்லை.

அடுத்த மறுப்பு, பொஸ்பேட் வகை பாதுகாப்பானது, அது எரியாது என்பது. மற்ற லிதியம் வகைகளோடு ஒப்பிட்டால் இது சூட்டைக் கூடுதலாகத் தாங்குவது உண்மை. அதிலிருந்து அளவுமீறிய சார்ஜையும் தாங்கும் என்று முடிவு கட்டுவதுதான் தவறு. எல்லை தாண்டிச் சார்ஜ் ஏறும்போது உள்ளே லிதியம் உலோகமாகப் படியலாம், மின்பகுபொருள் சிதையும், வாயு பிறக்கும், செல் உப்பும். அந்த வாயு தீப்பற்றக்கூடியது. பூட்டிய அறையில் அது சேர்ந்தால் எந்த வகைப் பற்றரி என்பது தீயணைப்பு வீரருக்குப் பெரிய வேறுபாடாக இராது. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பற்றரி நிலையத்தின் கதவைத் திறந்தபோது உள்ளே திரண்டிருந்த வாயு வெடித்துத் தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தார்கள். அங்கே இருந்தது வேறு வகைப் பற்றரி, தொடக்கக் காரணமும் வேறு. ஆனால் மூடிய இடத்தில் வாயு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது போதிய சான்று. இன்னொன்றும் உண்டு. நல்ல வெயிலில் பலகை திடீரென்று துண்டித்தால் சூரியத் தகடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லாமல் இன்வேட்டரின் பற்றரிப் பக்கத்தில் மின்னழுத்தம் எகிறும், இன்வேட்டரே கெட்டுப்போகலாம். ஆகையால் பலகை துண்டிப்பது அன்றாட நிகழ்வாக இருக்கவே கூடாது. சார்ஜை நிறுத்தவேண்டியது சார்ஜ் கொடுக்கும் கருவி. பலகை அதற்குப் பின்னால் நிற்கும் கடைசிக் காவல். கடைசிக் காவல் தினமும் வேலை செய்கிறது என்றால் முன்காவல் தூங்குகிறது என்று அர்த்தம்.

எல்லையை உயர்த்தும் பழக்கம் பற்றரியோடு புதிதாக வரப்போவதில்லை. மின்கம்பியில் அது ஏற்கெனவே வந்துவிட்டது. 2016 இல் சூரிய பல சங்கிராமய திட்டம் தொடங்கிய பிறகு கூரைமேல் சூரிய மின் தொகுதிகள் பெருகின. இலங்கையில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். அதிலிருந்து நூற்றுக்கு 6 வரை கூடலாம், குறையலாம். மேல் எல்லை ஏறத்தாழ 244. ஐரோப்பியச் சந்தைக்கென்று அமைக்கப்பட்ட இன்வேட்டர்களோ நூற்றுக்கு 10, அதாவது 253 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளும். மின்மாற்றியிலிருந்து தூரத்தில், மெல்லிய கம்பியின் கடைசியில் இருக்கும் வீடுகள் நண்பகலில் ஒன்றுசேர்ந்து மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும்போது அந்தக் கம்பியில் மின்னழுத்தம் ஏறும், இன்வேட்டர் தன்னை அணைத்துக்கொள்ளும், வீட்டுக்காரர் வருமானம் இழப்பார். உடனே கிடைக்கும் மருந்து இன்வேட்டரின் எல்லையை உயர்த்துவது. அவருக்கு வருமானம் திரும்பிவிடும். பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் அந்தக் கூடுதல் மின்னழுத்தத்தைத் தாங்கவேண்டியிருக்கும். உண்மையான திருத்தம் வேறிடத்தில் இருக்கிறது: மின்மாற்றியின் அமைப்பைக் கீழிறக்குவது, தடித்த கம்பி போடுவது, மூன்று கட்டங்களுக்கும் வீடுகளைச் சமமாகப் பிரிப்பது. இவை மின்சார சபையின் வேலை, நேரமும் காசும் பிடிக்கும் வேலை. எல்லையை உயர்த்துவதோ ஒரு கைபேசிச் செயலியில் ஒரு நிமிட வேலை. கடினமான வேலையைச் சுலபமான வேலை பின்தள்ளிவிடுவதுதான் இங்கே நடப்பது.

அப்படியானால் எல்லையை எப்போதும் தொடவே கூடாதா? அப்படிச் சொல்வதும் தவறு. எல்லை அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தாலும், எல்லாருக்கும் ஒரே எண்ணாக இருந்தாலும் ஆபத்துத்தான். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் தள்ளியது. குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் சொன்னது உலகச் செய்தியானது. குரங்கைவிடக் கவனிக்கவேண்டியது மின்சார சபை கொடுத்த விளக்கம்: தேவை குறைந்த ஞாயிறு, சூரிய மின்சாரத்தின் பங்கு கூடுதல், சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவு, ஆகவே ஒரு சிறு அதிர்ச்சியையும் கட்டமைப்பால் தாங்க முடியவில்லை. இத்தகைய கட்டமைப்பில் ஆயிரக்கணக்கான இன்வேட்டர்கள் ஒரே எல்லையில் ஒரே கணத்தில் விலகிக்கொண்டால் சிறு கோளாறு பெருங்கோளாறாகும். ஜேர்மனி இதே சிக்கலை முன்பே சந்தித்தது. அதிர்வெண் 50.2 ஹேர்ட்ஸைத் தாண்டியதும் அணையவேண்டும் என்ற விதியால் நாட்டின் சூரிய மின்சாரத்தின் பெரும்பகுதி ஒரே நொடியில் விலகிவிடும் அபாயம் இருந்தது. 2012 இல் அதற்கென ஓர் ஒழுங்குவிதி கொண்டுவந்து, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தொகுதிகளின் அமைப்பை மாற்றினார்கள். அவர்களும் எல்லையை மாற்றினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கணக்குப் பார்த்து, யார் எதை எப்போது மாற்றினார் என்று பதிவு செய்து, சட்டத்தின் கீழ் மாற்றினார்கள். சிக்கல் மாற்றத்தில் இல்லை. காரணம் அறியாமல், பதிவும் இல்லாமல், முறைப்பாடு செய்பவரின் வாயை அடைக்கச் செய்யும் மாற்றத்தில் இருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைமேல் தொகுதிகளைப் பகலில் அணைத்து வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டதே, நாட்டின் கட்டமைப்பு எவ்வளவு மெல்லிய கோட்டில் நிற்கிறது என்பதைக் காட்டும்.

பெரிய நிலையங்களில் பொறியியலாளர்கள் இருப்பார்கள், அங்கே இந்தக் கவலை வேண்டாம் என்றும் சொல்லப்படலாம். தென்கொரியாவின் அனுபவம் அதை மறுக்கிறது. பற்றரித் தொழிலில் உலகின் முன்வரிசையில் நிற்கும் அந்த நாட்டில், 2017 முதல் 2019 நடுப்பகுதி வரை 23 பற்றரிச் சேமிப்பு நிலையங்களில் தீப்பற்றியது. அரசாங்கம் நியமித்த குழு 2019 ஜூனில் சொன்ன காரணங்கள் நான்கு: மின்னதிர்ச்சி வந்தால் பற்றரியைக் காக்கும் ஏற்பாடு போதாமை, ஈரமும் தூசியும் சேரும் சூழலைக் கவனிக்காமை, நிறுவும்போது நடந்த தவறுகள், பற்றரியின் பலகையும் மின்மாற்றுக் கருவியும் மேலாண்மை மென்பொருளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமை. இந்தப் பட்டியலில் வீட்டுத் தொகுதிக்குப் பொருந்தாதது எதுவும் இல்லை. மூதூர்க் கரையில் வைக்கப்படும் எந்தப் பெரிய தொகுதிக்கும் ஈரமும் உப்பும் இரட்டிப்பாகப் பொருந்தும். அடுத்து கொரியா என்ன செய்தது என்பதும் கவனத்துக்குரியது: பற்றரிகளை முழுதாக நிரப்புவதற்கே வரம்பு விதித்தது. தொழில்நுட்பம் தெரிந்த நாடு எல்லையைக் கீழே இழுத்தது.

இதற்கு எதிர்ச்சான்றாக ஒன்றைக் காட்டலாம். 2013 ஜனவரியில் பொஸ்டன் விமான நிலையத்தில் நின்ற போயிங் 787 விமானத்தின் லிதியம் பற்றரி எரிந்தபோது, அந்தப் பற்றரியின் மின்னழுத்தம் 32 வோல்ட் என்ற எல்லையைத் தாண்டவே இல்லை. எட்டுச் செல்களில் ஒன்றின் உள்ளே ஏற்பட்ட குறுஞ்சுற்றுதான் காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முடிவு செய்தது. எல்லை சரியாக இருந்தும் தீ வந்ததே, பிறகு எல்லையைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். அந்த நிகழ்வு சொல்வது இரண்டு. மொத்த மின்னழுத்தத்தைப் பார்த்துத் திருப்திப்படுபவர் செல்லுக்குள் நடப்பதைக் காணமாட்டார். எந்தப் பாதுகாப்பு எல்லையும் எல்லா ஆபத்தையும் தடுக்காது. ஆகவேதான் இருக்கும் எல்லையை விட்டுக்கொடுக்க நமக்கு இடமில்லை. அந்த விமானத்துக்குப் போயிங் செய்த திருத்தங்களிலும், பற்றரியை எரிந்தாலும் தாங்கும் பெட்டிக்குள் அடைத்ததோடு, சார்ஜ் ஏறும் உச்ச அளவைக் குறைத்ததும் ஒன்று.

கடைசி மறுப்பு கிராமத்திலிருந்து வரும், அதற்குத்தான் அதிக மரியாதை கொடுக்க வேண்டும். மூதூரிலோ கட்டைபறிச்சானிலோ ஒரு கடைக்காரரின் பற்றரி துண்டித்துவிட்டால் அவரது குளிர்பெட்டியில் இருக்கும் மீன் கெட்டுவிடும். கொழும்பிலிருந்து முகவர் வரும்வரை அவர் காத்திருக்க முடியாது. பக்கத்தில் இருக்கும் தொழில்நுட்பவியலாளரிடம் கைபேசிச் செயலி இருக்கிறது, அதன் கடவுச்சொல் எல்லாருக்கும் தெரிந்த தொழிற்சாலை எண்ணாகவே இருக்கிறது, எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது. இப்படிப்பட்டவரிடம் விதிமுறை பேசுவது அநியாயம்போலத் தோன்றும். ஆனால் மேலே சொன்ன சோதனைகளுக்கு ஒரு மல்ரிமீற்றரும் ஒரு மணி நேரமும் போதும்: இன்வேட்டரின் சார்ஜ் அமைப்பைப் பார்ப்பது, 16 செல்களையும் முனையிலேயே அளப்பது, சார்ஜை நிறுத்தி எண் எப்படி இறங்குகிறது என்று கவனிப்பது. குறை அறிவில் இல்லை. இந்த ஒழுங்கை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவரது மொழியில் எழுதியும் கொடுக்கவில்லை. பற்றரியோடு வரும் கையேடு ஆங்கிலத்திலோ சீனத்திலோ இருக்கிறது. தெரியாதவரைக் குற்றம் சொல்வதைவிடத் தெரியப்படுத்தாதவர்களைக் கேள்வி கேட்பதே முறை.

ஆகவே செய்யவேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. நிறுவப்படும் ஒவ்வொரு பற்றரித் தொகுதியின் மேலும் சார்ஜ் அளவு, செல் துண்டிக்கும் அளவு, திறக்கும் அளவு, காத்திருக்கும் நேரம் நான்கும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். அது இல்லாத தொகுதிக்கு மின்சார சபை இணைப்புக் கொடுக்கக் கூடாது. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை நிறுவுபவர் அன்றே மாற்ற வேண்டும். அதன்பின் எல்லையில் செய்யப்படும் எந்த மாற்றமும் பழைய எண், புதிய எண், காரணம், கையொப்பம் ஆகியவற்றோடு ஒரு தாளில் பதிவாக வேண்டும். உற்பத்தியாளரின் எழுத்துமூல அனுமதியின்றி மேல்நோக்கிய மாற்றத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது. கீழ்நோக்கிய மாற்றத்துக்கு இவ்வளவு கடுமை வேண்டியதில்லை. உப மின்நிலையங்களில் வரும் பெரிய தொகுதிகளுக்குப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இன்னும் ஒரு படி மேலே போகலாம்: ஒவ்வொரு பாதுகாப்புத் துண்டிப்பும் எப்போது, எந்த அளவில், எந்தக் காரணத்தால் நடந்தது என்ற விபரத்தை வருடத்துக்கு ஒருமுறையாவது வெளியிடச் சொல்லலாம். துண்டிப்புகளின் எண்ணிக்கை திடீரென்று குறைந்தால் அது கோளாறு தீர்ந்ததாலா, எல்லை உயர்ந்ததாலா என்பதை அப்போதுதான் வெளியார் அறிய முடியும்.

இந்த விதிகளை நடைமுறைப்படுத்த ஆட்கள் வேண்டும், அந்த ஆட்கள் சம்பூரிலிருந்தே வரலாம். நிலக்கரி நிலையத்துக்கென்று தன் நிலத்தைப் பறிகொடுத்த ஊர் இது. சூரிய நிலையம் வந்த பிறகும் நிரந்தர வேலை சிலருக்குத்தான் கிடைக்கும், ஏனெனில் சூரியத் தகடுகளுக்குப் பெரிய ஆளணி தேவைப்படாது. ஆனால் பற்றரிக்குக் கண்காணிப்பும் அளவீடும் பதிவும் ஆண்டு முழுவதும் வேண்டும். தொழிற்பயிற்சி அதிகார சபை மூதூரில் பற்றரிப் பராமரிப்புக்கென்று தமிழில் ஒரு பாடநெறி தொடங்கினால், திருகோணமலை பவர் கம்பனி அதன் செலவில் ஒரு பங்கை ஏற்றால், அந்தப் பயிற்சி பெற்றவர்கள் தீவகத்துக்கும் மட்டக்களப்புக்கும்கூடப் போய் வேலை செய்யலாம். பாடநெறியின் முதல் விதி ஒரே வரியில் அடங்கும்: பலகை துண்டித்தால் முதலில் அள, பிறகு காரணத்தைத் திருத்து, எல்லையைக் கடைசியில்தான் தொடு, தொட்டால் எழுதிவை. சம்பூர் நிலையத்தின் இரண்டாம் கட்டத்துக்கான பேச்சில் மின்சார சபையும் பிரதேச செயலகமும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து இதை ஒரு நிபந்தனையாக வைக்க வேண்டும்.